கேட்காமல் விட்ட வரி

பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் எப்படிப் போடுவது, ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி எப்படி வாங்குவது என்று எழுதித் தரச் சொல்லி எனக்குத் தகவல் அனுப்பியிருந்தீர்கள். எஸ்டிமேட்டை ஓவர்சியரிடம் கேளுங்கள், அவருக்கு அதற்குத்தான் சம்பளம். அனுமதிக்கு எந்த மேசை முன்னால் நிற்க வேண்டும் என்பது ஆள் மாற மாற மாறும். நான் இன்று சொல்வது நீங்கள் போய் நிற்பதற்குள் பழசாகிவிடும். அதனால் இரண்டையும் எழுதப்போவதில்லை. வேலையில் இருந்தவரை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகாவது எனக்குத் தோன்றியதை எழுத விடுங்கள்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்கு: தேனியில் ஒரு நூற்பாலை நடத்தும் அறக்கட்டளையில், அதாவது இப்போது நீங்கள் சேர்ந்திருக்கும் இதே இடத்தில், களப்பணியாளராகச் சேர்ந்து களப்பணியாளராகவே ஓய்வு பெற்றவள். பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேன். உண்மை என்னவென்றால் யாரும் தரவில்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, ஆபீசில் உட்கார்ந்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை ஊர்ப் பள்ளிக்கூடங்களின் வாசலில் நான் டீ குடித்திருக்க முடியாது.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வகுப்பறையோ கழிப்பறையோ சமையல் கூடமோ வேண்டும் என்றால் பெரும்பங்கை அறக்கட்டளை தரும், மிச்சத்தை ஊர் போட வேண்டும். அதற்கு ஊர்ப் பங்கு என்று பெயர். கம்பெனியிடம் இல்லாத பணமா, ஏழை ஊரிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று உங்களில் ஒரு பெண் பயிற்சியின்போது கேட்டதாகச் சொன்னார்கள். நல்ல கேள்வி. என் பதில் சின்னதுதான். தன் கைக்காசு போன சுவரில் ஆடு கட்டுவதற்கு எவனும் கொஞ்சம் யோசிப்பான்.

ஊர்ப் பங்கு என்றால் இழுபறி என்று அர்த்தம். திராட்சை விலை விழுந்துவிட்டது என்பார்கள், ஆற்றில் தண்ணீர் திறக்கவில்லை என்பார்கள், திருவிழா முடியட்டும் என்பார்கள். திருவிழா முடிந்ததும் திருவிழாவில் எல்லாம் செலவாகிவிட்டது என்பார்கள். நான் நடந்து நடந்து, சண்டை போட்டு, சாபம் கொடுத்து, சமாதானமாகி வாங்கியவள். அதனால்தான் ஒரு ஊரிலிருந்து பங்குப் பணம் முழுசாக, கேட்ட சில நாளிலேயே வந்து சேர்ந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்த ஊர் கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே உள்ளவர்கள் இன்றைக்கும் எனக்குப் போன் போட்டுப் பேசுகிறவர்கள், எழுதிவிட்டு யார் ஏச்சு வாங்குவது?

அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியின் பழைய கட்டடம் ஒரு மழையில் சுவர் ஊறி, ஆபத்து என்று சொல்லி இடிக்கப்பட்டது. பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் படித்தார்கள். கூடத்தில் யாராவது காதுகுத்து வைத்தால் பாடம் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். வசதியுள்ள வீட்டார் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த பள்ளி ஆண்டுக்குள் கட்டடம் எழும்பாவிட்டால் மிச்சமுள்ள பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடப்போவதாகக் கல்வி அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது. நமக்கும் மார்ச்சோடு கணக்கு முடிகிறது. அதற்குள் ஒப்பந்தம் போடவில்லை என்றால் பணம் வருசநாட்டுப் பக்கம் காத்திருந்த இன்னொரு பள்ளிக்குப் போய்விடும். இந்த நெருக்கடியில்தான் ஊர்க் கமிட்டித் தலைவர் தேனி ஆபீசுக்கே வந்து பங்குப் பணத்தை மேசையில் வைத்தார். மேனேஜர் சந்தோஷத்தில் எல்லாருக்கும் பஜ்ஜி வரவழைத்தார்.

தலைவர் வாழைத்தார் வியாபாரம் பார்த்தவர். வெள்ளை வேட்டி, கண்ணாடி, நிறுத்தி நிதானமாகப் பேசும் மனிதர். நான்தான் கேட்டேன்.

"எப்படிய்யா இவ்வளவு சீக்கிரம்?"

"இதுல என்னம்மா இருக்கு? திருவிழாவுக்குப் போடுற மாதிரி தலைக்கட்டு வரி போட்டோம். ஊர்ல ஒரு சொல்லு சொன்னோம், கொண்டாந்து குடுத்துட்டாக."

"இடம் பழைய இடம்தானே?"

"இல்லம்மா, கோயில் திடல்ல கட்டிருவோம்னு ஊர்ல முடிவு பண்ணியிருக்கோம். லீவு நாள்ல கல்யாணம் காட்சி வச்சுக்கலாம் பாருங்க. பழைய எடம் ரோட்டு மேல இருக்கு. அங்கன நாலு கடையக் கட்டி விட்டா கோயிலுக்கு வருமானம்."

கட்டடமும் வருகிறது, கோயிலுக்கு வருமானமும் வருகிறது. மேனேஜருக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நான் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைக்கட்டு என்றால் என்ன என்று உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஒரு வீட்டில் அப்பனும் கல்யாணமான மகன்கள் இரண்டு பேரும் இருந்தால் மூன்று தலைக்கட்டு. கோயில் வரி, ஊர் வரி எல்லாம் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். வரி கொடுத்தவனுக்குத் திருவிழாவில் பங்கு உண்டு, சாவடியில் ஊர் கூடும்போது பேச வாய் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் அதே கணக்கைத் தூக்கி வைத்துவிட்டார்கள். இதில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஊர்ப் பணம் என்றால் வேறு எப்படி வசூலிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மறுநாள் விடிவதற்குள் அந்த ஊருக்குப் போய்விட்டேன். சீக்கிரம் போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரில் பாதிப் பெண்கள் மலைக்கு மேலே கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். விடியும்போதே ஜீப் வந்து நிற்கும். இடித்த பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரேதான் ஜீப் நிற்கும் இடம். ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் ஜீப் கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

அங்கே பார்த்ததை எந்த எஸ்டிமேட்டிலும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். பெண்கள் தூக்குவாளியும் சாக்கும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், கூடவே யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வருகிறார்கள். தாய்மார் ஜீப்பில் ஏறியதும் பிள்ளைகள் எதிரே போய், இடித்ததில் மிஞ்சிய பள்ளிக்கூடப் படியில் வரிசையாக உட்கார்ந்துகொள்கிறார்கள். பக்கத்து டீக்கடை அம்மா வடை போட்டுக்கொண்டே அவர்களை ஒரு கண் பார்த்துக்கொள்கிறார். டீச்சர் வரும் வரை அதுதான் அவர்களுக்கு வீடு. சாயங்காலமும் ஜீப் வரும் வரை அதே இடம்தான். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்பதில்தான் அந்தப் பெண்களின் பிழைப்பே நின்றுகொண்டிருந்தது.

கோயில் திடலோ ஊருக்கு மறுகோடியில், ஓடைக்கு அப்பால் இருக்கிறது. பூசாரியைத் தவிர அந்நேரம் அங்கே ஈ காக்கை இருக்காது.

நான் வருவதைச் சொல்லியிருந்ததால் தலைமை ஆசிரியை அன்றைக்குக் கம்பத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார், நல்ல மனுஷி. எங்களைப் பார்த்ததும் ஜீப்பின் பின்படியில் ஏறி நின்றிருந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். ஈஸ்வரி. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி என்று டீச்சர் அறிமுகப்படுத்தினார். முப்பது வயது இருக்கலாம். தலையில் துண்டு, வாய் நிறைய வெற்றிலை, பேச்சில் அடக்க ஒடுக்கம் கிடையாது. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது.

"யக்கா, தேனி ஆபீசா? பள்ளிக்கூடம் கட்டப் போறீகளாமே."

"நாங்க மட்டுமா கட்டுறோம்? ஊர்ப் பங்கும் வந்துருச்சே."

"எந்த ஊரு பங்கு?" என்றாள். "இந்த ஜீப்ல இருக்கவுக கிட்ட கேளுங்க. ஒருத்தி கிட்டயும் வரி கேக்கல."

டீச்சருக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். அவருக்கு இது புரியவில்லை. "நல்லதுதானே ஈஸ்வரி. உனக்குச் செலவு மிச்சம்" என்றார்.

"மிச்சமா?" ஈஸ்வரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "டீச்சர், வரி கேக்காத வீடுன்னா அது ஊர்ல இல்லாத வீடு. எம் புருசன் திருப்பூர்ல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான். ஊர்ல அவன் பேர எடுத்துட்டாக. சரி, எடுக்கட்டும். எம் பேரு ஏறல. நான் ஆளு இல்லையா? எம் மக இங்கனதான ரெண்டாப்பு படிக்குது!"

எனக்குச் சுருக்கென்றது. நான் அல்லிநகரத்தில் பிறந்து வளர்ந்தவள், தலைக்கட்டு தெரியாதவள் இல்லை. டீச்சரிடம் ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லச் சொன்னேன். புருஷன் செத்தவர்கள், புருஷன் விட்டுப்போனவர்கள், பிழைப்புக்கு வந்து குடியேறிய வெளியூர்க் குடும்பங்கள். பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்த பிள்ளைகளில் முக்காலே மூன்று வீசம் இந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த வீடுகளில் ஒன்றுகூடத் தலைக்கட்டில் இல்லை. வரி கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் வேனில் போகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வருகிற வீடுகளிடம் யாரும் வரி கேட்கவில்லை. வரி கொடுக்காததால் பள்ளிக்கூடம் எங்கே வர வேண்டும் என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் இல்லை.

"பள்ளிக்கூடம் கோயில் திடலுக்குப் போனா நீ என்ன செய்வே, ஈஸ்வரி?" என்று கேட்டேன்.

"என்னத்தச் செய்ய? அங்கன, ஓடைப் பக்கம், பொட்டப் பிள்ளையத் தனியா விட்டுட்டு எப்படிக்கா மலையேற? ஒண்ணு நான் வேலைய விடணும், இல்ல அது படிப்ப விடணும்."

ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகளே. உங்கள் கையில் இருப்பது என்ன? பணம் முழுசாக வந்திருக்கிறது. விதிப்படி எல்லாம் சரி. மார்ச் முடியப்போகிறது. கையெழுத்துப் போட்டால் ஒரு பள்ளிக்கூடம் எழும்பும், ஆனால் அதில் படிக்க வேண்டிய பிள்ளை அங்கே வராது. கையெழுத்துப் போடாவிட்டால் பள்ளிக்கூடமே எழும்பாது. இதற்கு எந்தப் பயிற்சியிலும் விடை இல்லை. என்னிடமும் அன்று இல்லை.

இடிந்த சுவருக்குப் பின்னால் போய் நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு நிபந்தனை சேர்க்க அனுமதி கேட்டேன். பிள்ளை படிக்கிற வீடு ஒன்றுகூட விடாமல் ஊர்ப் பங்கில் சேர்ந்திருக்க வேண்டும். மற்றபடி இடத்தைப் பற்றி நாம் வாயைத் திறக்கக் கூடாது, அதை ஊர் பேசட்டும்.

"மார்ச் மாசத்துல வந்து நிபந்தனை சேர்க்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. பிறகு, "சரி, போடுங்க. அவங்க முறுக்கிக்கிட்டா பணம் வருசநாட்டுக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார். அந்த மனிதரை ஆபீசில் எல்லாரும் சிடுமூஞ்சி என்போம். அவர் அன்றைக்கு 'போடுங்க' என்று சொன்ன ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றைக்கும் கைகூப்புவேன்.

சாயங்காலம் ஜீப் இறங்கியதும் ஈஸ்வரியிடம் முதலில் சொன்னேன். இதில் கட்டடமே கைவிட்டுப் போகலாம், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். நாம் துணிந்து பந்தயம் கட்டுவது அவர்கள் பிள்ளையை வைத்து. அவர்களைக் கேட்காமல் வீரம் காட்டக் கூடாது.

தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள். "போனாப் போகட்டும்க்கா. திடல்ல கட்டுனாலும் எம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லதான்" என்றாள்.

அன்று சாவடியில் ஊர் கூடியது. ஆண்கள் மேலே உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பில் வந்த பெண்கள் வழக்கம்போல் கீழே ஓரமாக நின்றார்கள். நான் நிபந்தனையைச் சொன்னேன். சலசலப்பு வந்தது.

"பணம் முழுசா வந்துருச்சுல்ல? ஆரு குடுத்தா என்ன?" என்றார் ஒருவர்.

தலைவர் கையமர்த்தினார். "அம்மா, அவக யாரும் தலைக்கட்டு இல்ல. பொம்பளைக கிட்ட ஊர் வரி வாங்குன பழக்கம் இங்க கெடையாது. இன்னைக்கு இதுக்கு வாங்குனா, நாளைக்குத் திருவிழாவுக்கும் வரி தாறோம், பங்கு குடுங்கன்னு வந்து நிப்பாக."

"நிப்போம்தான்!" என்று கீழேயிருந்து ஒரு குரல். யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் பக்கம் சிரிப்பு.

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது நான் எதிர்பார்த்தது அல்ல.

"ஏத்தா ஈஸ்வரி, ஒன்னைய ஒதுக்கணும்னா விட்டோம்? ஒத்தப் பொம்பளை. விடியுமுன்ன மலையேறிப் போயி, அட்டைக்கடி பட்டு காய் எடுத்துட்டு வார. அந்தக் காசுல கை வைக்கக் கூடாது, பாவம்னுதான் கேக்கல. மனசறிஞ்சு சொல்றேன், பாவம்னுதான் விட்டோம்."

பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்த யாரும் அதை நம்புவார்கள். நானும் நம்பினேன்.

ஈஸ்வரி சிரிப்பதை நிறுத்திவிட்டு விளக்கு வெளிச்சத்துக்கு வந்தாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"பாவம் பாக்காதீக மாமா. வரி கேளுங்க."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சம உரிமை, சட்டம், பெண்கல்வி என்று எவ்வளவோ வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அது கம்பெனிக்காரி பேச்சாகப் போயிருக்கும். ஈஸ்வரி சொன்னது அந்த ஊர்ப் பேச்சு, அதற்கு அந்த ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பேசத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், எல்லாரும் மைக் கொடுத்தால் விடமாட்டீர்கள். பேசாமல் இருக்க வேண்டிய இடம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட்டம் கலைந்தது.

நான் தேனிக்குத் திரும்பிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டே என்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். மறுநாள் வருசநாட்டைக் கவனித்துக்கொண்ட சக பணியாளர் போன் போட்டு, "அக்கா, பணம் இங்கிட்டு வருதாமே?" என்று ஆசையாகக் கேட்டார். அவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் கவலை அவருக்கு. அவருடைய பள்ளிக்கும் கூரை இல்லை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் டீச்சரின் போன். மூச்சு வாங்கியது.

"மேடம், தலைவர் வீடு வீடாப் போறார்! கூட கமிட்டிக்காரர் ரெண்டு பேர். எங்கே ஜீப் வீட்டுப் பிள்ளை இருக்கோ அந்த வாசல்ல நின்னு வரி கேட்கிறார்!"

நான் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

தலைவர் மறுநாள் ஆண்களைச் சாவடியில் கூட்டி என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "சாமி வரி சாமி வரிதான். அதுல நான் கை வைக்க மாட்டேன். இது பள்ளிக்கூடத்து வரி. இதுக்குப் பிள்ளைய வச்சிருக்கவுகளும் தலைக்கட்டுதான்" என்றாராம். ஏற்கனவே கொடுத்தவர்கள் முணுமுணுத்ததற்கு, "தலை கூடுனா ஆளுக்குக் கொறையும்டா. மிச்சத்தத் திருப்பித் தாறேன். எவனுக்குக் கசக்குது?" என்றாராம். யாருக்கும் கசக்கவில்லை. நம் ஆட்கள் கொள்கைக்கு மசியாவிட்டாலும் திரும்பி வரும் காசுக்கு மசிவார்கள்.

ஈஸ்வரி தன் வீட்டுக் கதையை அவள் வாயாலேயே எனக்குச் சொன்னாள். "வாசல்ல வந்து, 'ஈஸ்வரி, ஊர் வரி'ன்னாக. மாமா, செத்த நில்லுங்கன்னு நிக்க வச்சுட்டேங்க்கா. உள்ள போயி மொகத்தக் கழுவி, வெளக்கப் பொருத்திட்டு, தாம்பாளத்துல வெத்தலையோட வச்சுக் குடுத்தேன். சும்மா கையில குடுக்க மனசு வரல."

வரி கொடுத்தவர்களுக்குச் சாவடியில் வாய் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்கள் ஓரமாக நிற்கவில்லை. படிக்கு மேலே ஏறவும் இல்லை, படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். விடியலில் பிள்ளை எங்கே உட்காரும், டீக்கடையிலிருந்து பார்த்தால் எந்த இடம் தெரியும், எது தெரியாது என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். திடல் வேண்டும் என்றவர்கள் எளிதில் விடவில்லை. கல்யாணத்துக்கு மண்டபம் எங்கே என்று விடாமல் கேட்டார்கள். கடைசியில் தலைவர்தான், "கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கலாம், பிள்ளைக்குப் பந்தல் போட முடியுமா?" என்று முடித்துவைத்தார். பழைய இடம் என்று முடிவாயிற்று. மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டோம். மேனேஜர் மறுபடியும் பஜ்ஜி வாங்கித் தந்தார், இந்தத் தடவை நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஊர் தலைகீழாக மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோயில் வரியில் அந்தப் பெண்களின் பெயர் இன்று வரை ஏறவில்லை என்றுதான் கேள்வி. ஈஸ்வரி விடமாட்டாள், அது அவள் பாடு. நம் வேலை ஒரு பள்ளிக்கூடம் கட்டுவது. ஒரு ஊரில் பணம் தடையில்லாமல் வந்தால் யார் கொடுத்தார்கள் என்று பார்த்ததோடு நிற்காதீர்கள், யாரிடம் கேட்கவில்லை என்று ஒரு தடவை விசாரியுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏலக்காய் வாசம் வீசும் ஒரு ஜீப்பின் பின்படி. அந்தப் பெண்களுக்கும், தான் காட்டிய இரக்கத்தையே திருப்பி எடுத்துக்கொள்ளும் பெருந்தன்மை உள்ள அந்தத் தலைவருக்கும் நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது. இத்தனை வருஷம் சம்பளமும் கொடுத்து இப்படிப்பட்ட மனிதர்களையும் காட்டிய வேலை இது.

பூமி பூஜையைச் சொல்லி முடிக்கிறேன்.

ஜோசியர் குறித்த நேரம் காலை பத்து மணிக்கு மேல். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வரி குடுத்தவுக பாதிப் பேரு மலைக்குப் போன பெறகு பூசை என்ன பூசை?" என்று விடியற்காலைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். பழைய இடத்தில் முளைக்குச்சி அடித்து, செங்கலுக்கு மஞ்சள் தடவி, தேங்காய் உடைத்தார்கள். புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அந்த ஊர் வழக்கம், வரி கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் வாசித்துவிட வேண்டும். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தொடங்கினார். இன்னார் மகன் இன்னார், தலைக்கட்டு ஒண்ணு. இன்னார் மகன் இன்னார், தலைக்கட்டு ஒண்ணு. ஆண்களின் பெயர்களே நீண்டுகொண்டு போயின.

இதற்குள் ஜீப் டிரைவர் என்ஜினைக் கிளப்பிவிட்டார். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் தோட்டத்தில் அன்றைக்கு வேலை கிடையாது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்கள். ஈஸ்வரி வழக்கம்போல் பின்படியில் தொற்றிக்கொண்டு நின்றாள். ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தலைவர் அந்தப் பெயருக்கு வந்தார். ஒரு கணம் நிறுத்தினார். யார் மகள் என்பதா, யார் மனைவி என்பதா என்று யோசித்தாரோ என்னவோ. இரண்டையும் சொல்லவில்லை.

"ஈஸ்வரி. தலைக்கட்டு ஒண்ணு."

ஒலிபெருக்கி மலைப்பக்கம் பார்த்திருந்தது. மேலே தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். எந்நேரமும் வாயாடும் ஈஸ்வரி கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு எட்டி ஜீப்பின் பக்கத்துத் தகரத்தைத் தட்டினாள்.

"அண்ணே, வண்டிய அமத்துங்க."

டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் என்ஜினை அணைத்தார்.

"மாமா!" என்று அங்கிருந்தே கத்தினாள். "ஜீப்பு சத்தத்துல சரியாக் கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

நன்றாகவே கேட்டிருந்தது அவளுக்கு. அது தலைவருக்கும் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மைக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னார்.